பழைய சைக்கிளும் மாற்று உறுப்பும்

1843-இல் திறக்கப்பெற்ற சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து பாளையங்கோட்டைக்குச் சென்ற சைக்கிள்களை நான் இளமையில் கண்டிருக்கிறேன். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்து ராலே ஒருபுறம். 1949-இல் அம்பத்தூரில் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் மறுபுறம். தோற்றத்தில் இரண்டும் உடன்பிறப்புக்களே.

ஆயினும், கிராங்கு அச்சைத் தாங்கும் கிண்ணங்களை நோக்குங்கள். ஆங்கிலேயரின் பொது அளவில் அங்குலத்துக்கு 24 மரைகள். பழைய ராலேயிலோ 26. பொருந்தாததை வலிந்து திருகினால், கிண்ணத்தோடு சட்டத்தின் மரையும் அழிந்துவிடும். கிண்ணத்தை மீண்டும் வாங்கலாம். அந்தப் பழஞ்சட்டத்தை எங்கே தேடுவது? 28 அங்குல டயர் இன்றும் கடைகளில் கிடைப்பதால், எல்லா உறுப்பும் அவ்வாறே பொருந்துமென்று எண்ணிவிடலாகாது.

ஆகவே, பழைய வண்டியைப் புதுக்க விரும்புவோர் முதலில் மரையை எண்ணுக. பிறகே உறுப்பைத் தேர்க. வண்டி எந்த ஆலையில் பிறந்தது என்று ஆராய்வதும் வரலாற்றுக் கல்வியேயாகும்.