மூன்று முறை பெயர்க்கப்பட்ட கல்லறைகள்

காத்திவாக்கத்தில் பேருந்து ஏறி, திருவொற்றியூர், தண்டையார்பேட்டை தாண்டினால் காசிமேடு. மீன் வாங்கவும் வேலைக்குப் போகவும் நாம் எத்தனையோ முறை கடந்த இடம். அங்கே ஒரு காலத்தில் யூதர்களின் கல்லறைக் கற்கள் கிடந்தன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சுடுகாட்டுக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் இன்றும் மனு எழுதிக்கொண்டிருக்கும் நாம் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளில் மதத்தின் பெயரால் வேட்டையாடப்பட்ட யூதக் குடும்பங்கள் ஆம்ஸ்டர்டாமுக்கும் லண்டனுக்கும் தப்பி ஓடின. அவர்களில் சில வணிகர்கள் 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா வைரத்தைத் தேடி மதராசுக்கு வந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து பவளம் வரும், இங்கிருந்து வைரம் போகும். பவழக்காரத் தெரு என்ற பெயர் அந்த வணிகத்தை இன்றும் நினைவூட்டுகிறது. அந்த வணிகர்களில் ஒருவரான ஜாக் டி பைவா 1687இல் இறந்தார். பெத்தநாயக்கன்பேட்டையில் இருந்த யூதர் இடுகாட்டில் அவரைப் புதைத்தார்கள்.

அடுத்த ஆண்டே, 1688இல், மதராஸ் மாநகராட்சி உருவானது. அதன் 12 ஆல்டர்மேன்களில் மூவர் யூத வணிகர்கள். சொந்த நாட்டில் விரட்டப்பட்டவர்களுக்கு இங்கே ஆட்சியில் இடம் கிடைத்தது. கம்பெனி ஆவணங்கள் 'பறச்சேரி' என்று குறிப்பிட்ட குடியிருப்புகளில் வாழ்ந்த நம் முன்னோர்களில் ஒருவருக்குக்கூட அந்த அவையில் இடமில்லை. மண்ணின் மக்கள் வெளியே நின்றார்கள்.

18ஆம் நூற்றாண்டில் பிரேசில் வைரம் சந்தைக்கு வந்தது. மதராசின் வைர வணிகம் சரிந்தது, யூதக் குடும்பங்களும் குறைந்தன. கற்கள் மட்டும் மிஞ்சின. தங்கசாலைப் பகுதியில் இருந்த அந்தக் கற்கள் 1934இல் ஒரு பூங்காவுக்கு மாற்றப்பட்டன. அங்கே பள்ளிக்கூடம் கட்ட வேண்டும் என்று 1979இல் காசிமேட்டுக்குக் கொண்டுபோனார்கள். துறைமுக விரிவாக்கம் வந்ததும் 1983இல் லாயிட்ஸ் சாலைக்கு எடுத்துப்போனார்கள். இந்த அலைச்சலில் சில கற்கள் காணாமலே போயின. டி பைவாவின் கல்லும் அதில் ஒன்று என்கிறார்கள்.

பள்ளிக்கூடமும் துறைமுகமும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கேட்க ஆளில்லாத மக்களின் இடம்தான் எப்போதும் முதலில் 'காலி இடமாக' அதிகாரத்தின் கண்ணில் படுகிறது என்கிறோம். துறைமுகத்துக்கும் அனல் மின் நிலையத்துக்கும் கடற்கரையைக் கொடுத்த வடசென்னைக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கேரளத்தின் மாளாவைப் பாருங்கள். திருச்சூர் மாவட்டத்துச் சிற்றூர் அது. அங்கிருந்த யூதர்கள் 1955இல் இஸ்ரேலுக்குப் புறப்படும் முன், தங்கள் ஜெப ஆலயத்தையும் இடுகாட்டையும் பாதுகாக்கச் சொல்லி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தோடு ஊராட்சியிடம் ஒப்படைத்தார்கள். பின்னாளில் அந்த இடுகாட்டு நிலத்திலேயே விளையாட்டு அரங்கம் எழுந்தது. கையெழுத்துப் போட்ட தாள் இருந்தும் இந்த நிலைமை. தாளே இல்லாத நம் சேரிச் சுடுகாடுகளின் கதி என்ன?

ஆனால் வெறும் அனுதாபத்தோடு இந்தக் கதையை முடித்துவிட முடியாது. கொச்சியில் 'வெள்ளை யூதர்கள்' என்று சொல்லிக்கொண்ட பரதேசி யூதர்கள், விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்த யூதர்களைத் தங்களுக்குச் சமமாக நடத்தவில்லை. ஜெப ஆலயத்தில் சம இருக்கை இல்லை, பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை, இடுகாட்டிலும் பாகுபாடு. உலகெங்கும் ஒதுக்கப்பட்ட ஒரு சமூகம், இந்த மண்ணுக்கு வந்ததும் தனக்குக் கீழே ஒருவரைக் கண்டுபிடித்துக்கொண்டது. ஒடுக்கப்பட்டவனும் கையில் எடுக்கக்கூடிய ஆயுதம் சாதி. இது நமக்கும் சேர்த்துத்தான் எச்சரிக்கை.

அதை எதிர்த்து நின்றவர் அந்தப் பிரிவில் பிறந்த ஏ. பி. சேலம். மதராசில் படித்து வழக்கறிஞரானவர். தன் சொந்த ஜெப ஆலயத்துக்கு எதிராகவே சத்தியாகிரகம் செய்தார். 'யூத காந்தி' என்று அவரை அழைத்தார்கள். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு தடைகள் ஒவ்வொன்றாக உடைந்தன.

இங்கே என்ன உடைந்திருக்கிறது? 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், நிலத்தின் வழியாகப் போகப் பாதை மறுக்கப்பட்டதால், தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காட்சியைப் பார்த்து உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கெடுத்தது. 2021இல் தமிழக அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சாதி வேறுபாடு இல்லாத மயானம் உள்ள சிற்றூர்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்து 70 ஆண்டுகள் கழித்து, அதைக் கடைப்பிடிக்கும் ஊருக்குப் பரிசு! கடைப்பிடிக்காத ஊருக்கு என்ன?

நாம் கேட்பது பரிசு அல்ல. ஒவ்வொரு சேரிச் சுடுகாட்டையும் அதற்குப் போகும் பாதையையும் அளந்து, எல்லைக்கல் நட்டு, வருவாய்த்துறைப் பதிவேட்டில் ஏற்றுங்கள். பொது மயானத்தை எல்லோருக்கும் திறந்துவிடுங்கள்.

மூன்று முறை பெயர்க்கப்பட்டாலும் அந்த யூதக் கற்களில் பெயரும் ஆண்டும் வெட்டியிருந்தன. அதனால்தான் தொலைந்தது எது என்றாவது சொல்ல முடிகிறது. நம் பாட்டன், பாட்டிகளின் தலைமாட்டில் அப்படி ஒரு கல்லும் இல்லை. அவர்கள் புதைந்த இடத்தைப் பதிவேட்டிலாவது எழுதி வைப்போம்.