நுரை ஒன்று, சட்டம் இரண்டு

ஆலங்குளம் வட்டாரத்தில் பனையேறி இறக்கும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவப்பட்டிருந்தால் அதிலிருப்பது பதநீர், காய்ச்சினால் கருப்பட்டி. தடவாமல் விட்டால் சில மணி நேரத்தில் வெண்ணுரை பொங்கும் கள். தமிழ்நாட்டில் அது குற்றம்.

இந்த நுரையும் பிரான்சின் ஷாம்பெயினில் எழும் நுரையும் பிறப்பால் ஒன்றே. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது. சுண்ணாம்பின் காரம் அதை ஒடுக்கிவிடும். திறந்த கலயத்தில் வாயு காற்றோடு கலந்துவிட, கள்ளும் விரைவில் புளித்துக் காடியாகிறது. ஷாம்பெயினிலோ, ஒருமுறை நொதித்த திராட்சை மதுவோடு மீண்டும் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்துப் புட்டியில் அடைக்கிறார்கள். வெளியேற வழியற்ற வாயு மதுவிலேயே கரைகிறது. புட்டிக்குள் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் ஏறத்தாழ 6 மடங்கு.

இதனை டோம் பெரின்யோன் என்ற துறவி கண்டுபிடித்தார் என்பது இனிமையான கட்டுக்கதை. மதுவில் சர்க்கரை சேர்த்து நுரைக்கச் செய்யும் வழக்கத்தை, அவர் மடத்துப் பொறுப்பேற்பதற்கு முன்பே, 1662-இல் கிறிஸ்டோபர் மெரட் என்ற ஆங்கிலேயர் இலண்டன் ராயல் கழகத்தில் விவரித்துவிட்டார். அழுத்தத்தைத் தாங்கும் கெட்டிப் புட்டிகளும் இங்கிலாந்தின் நிலக்கரி உலைகளில் உருவானவையே. ஆயினும் பெயர் பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்துக்கே உரியது. பிறர் அதனைப் பயன்படுத்தாதவாறு அந்நாடு சட்டத்தால் காக்கிறது.

நம் சட்டமோ வேறு திசையில் செல்கிறது. கள்ளுக்கு 1987 ஜனவரி 1 முதல் தடை. ஆனால் ஆலைகளில் வடித்த, கள்ளைவிடப் பன்மடங்கு வீரியமுள்ள மதுவை 2003 முதல் அரசின் டாஸ்மாக்கே சில்லறையில் விற்கிறது. தென்காசியிலிருந்து புளியரையைக் கடந்து ஆரியங்காவுப் பக்கம் இறங்கினால், உரிமம் பெற்ற கள்ளுக்கடைகளை அனுமதிக்கும் கேரளம். (செங்கோட்டையும் 1956 வரை திருவிதாங்கூரில்தான் இருந்தது.)

கலப்படம் நடக்கும் என்பது தடைக்குச் சொல்லப்படும் காரணம். அந்த அச்சம் பொய்யன்று. எனினும் உரிமமும் பரிசோதனையும் கலப்படத்துக்கு மாற்று. பனையை மாநில மரமாகப் போற்றும் அரசு, அதில் ஏறி உயிரைப் பணயம் வைப்பவரிடம் சுண்ணாம்பு தடவினாயா என்று மட்டும் கேட்பது முறையன்று.