பித்தப்பையில் துளை விழுதல்: கண்டறிதலும் சிகிச்சையும்

பித்தப்பை என்பது கல்லீரலின் அடியில், வயிற்றின் வலது மேற்பகுதியில் அமைந்துள்ள சிறிய பை. கொழுப்பைச் செரிக்க உதவும் பித்தநீர் இதில் சேமிக்கப்படுகிறது. இப்பையின் சுவரில் துளை விழுந்து பித்தநீர் வெளியே கசிவது உயிருக்கு ஆபத்தான நிலையாகும்.

காரணங்கள்

பெரும்பாலும் பித்தப்பைக் கல் பித்தநீர் வெளியேறும் குழாயை அடைப்பதால் இது தொடங்குகிறது. பை வீங்கி அழற்சி அடைகிறது; சுவருக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைகிறது; திசு அழுகித் துளை விழுகிறது. அரிதாக, வயிற்றில் பலமாக அடிபடுவதாலும் ஏற்படலாம்.

அறிகுறிகள்

• வலது மேல் வயிற்றில் தொடங்கி வயிறு முழுவதும் பரவும் கடும் வலி
• காய்ச்சல், குளிர் நடுக்கம், வாந்தி
• வயிறு விறைத்திருத்தல், தொட்டால் வலித்தல்
• மஞ்சள் காமாலை

பை கிழிந்தவுடன் உள்ளழுத்தம் குறைவதால் வலி சிறிது நேரம் தணியக்கூடும். இதனை நோய் குணமானதாகக் கருதாதீர்கள். முதியோருக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கும் வலியும் காய்ச்சலும் குறைவாகவே தோன்றலாம். சோர்வு, பசியின்மை, மனக்குழப்பம் ஆகியவற்றையும் கவனியுங்கள்.

கண்டறிதல்

இரத்தப் பரிசோதனை தொற்றின் தீவிரத்தையும் கல்லீரலின் செயல்பாட்டையும் காட்டும். முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கப்படும். சுவரிலுள்ள துளையையும் சுற்றியுள்ள சீழையும் சி.டி. ஸ்கேன் மேலும் தெளிவாகக் காட்டும். சிலருக்கு அறுவை சிகிச்சையின்போதே துளை தெரியவருகிறது.

துளையின் விளைவு மூவகைப்படும்: பித்தநீர் வயிறு முழுவதும் பரவுதல், பையைச் சுற்றிச் சீழ்க்கட்டி உருவாதல், பைக்கும் குடலுக்கும் இடையே புதிய வழி உண்டாதல். இவ்வகைப்பாடு 1934-ஆம் ஆண்டு நீமையர் என்பவரால் வகுக்கப்பட்டது.

சிகிச்சை

நரம்பு வழியாகத் திரவமும் ஆன்டிபயாடிக் மருந்தும் உடனே தொடங்கப்படும். பின்னர் பித்தப்பை அகற்றப்பட்டு, வயிற்றின் உட்பகுதி கழுவித் தூய்மை செய்யப்படும். இதனை லேப்ராஸ்கோப்பி முறையிலோ, வயிற்றைத் திறந்தோ செய்வர். அறுவை சிகிச்சையைத் தாங்க இயலாதவர்களுக்கு, தோல் வழியாகக் குழாய் செலுத்திச் சீழும் பித்தநீரும் வெளியேற்றப்படும்.

பித்தப்பை இல்லாமலும் இயல்பாக வாழலாம். பித்தநீர் கல்லீரலிலிருந்து நேராகக் குடலுக்குச் செல்லும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• மேற்கண்ட அறிகுறிகள் இருந்தால் தாமதிக்காமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.
• மருத்துவர் பார்க்கும்வரை உணவோ நீரோ கொடுக்காதீர்கள்.
• வலி மாத்திரையை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள்.
• பழைய ஸ்கேன் அறிக்கைகளையும் உட்கொள்ளும் மருந்துகளையும் எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவராயின் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.
• வீடு திரும்பிய பின் காய்ச்சல், மஞ்சள் காமாலை, காயத்தில் சீழ் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.