கொல்லைப்புறத்துச் சரித்திரம்

ஓர் ஊரின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவர்கள் கோயிலையோ கோட்டையையோ வைத்துத்தான் ஆரம்பிக்கிறார்கள். கடலூருக்கு ஸெயின்ட் டேவிட் கோட்டை, சிதம்பரத்துக்கு நடராஜர். ஆனால் குடியிருப்பவனுக்குக் கொல்லைப்புறம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே மண்ணுக்கடியில் நாலு சுவருக்குள் என்ன நடக்கிறது, அதைக் கட்ட யார் அனுமதித்தார்கள், யார் வந்து பார்த்தார்கள் என்பதற்கும் நூற்றைம்பது வருஷத்துச் சரித்திரம் உண்டு. வாசகர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல் கேட்க வேண்டும்.

1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் மராட்டியரிடம் அந்தக் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை தங்கள் எல்லை என்று பேசிக்கொண்டு, அப்படியே சுட்டும் பார்த்தார்கள். குண்டு விழுந்த கிராமங்களுக்குக் குண்டுக் கிராமங்கள் என்றே பெயர் வந்துவிட்டது. எல்லை வகுப்பதில் இத்தனை சுறுசுறுப்பு. அந்த எல்லைக்குள் சேரும் அசுத்தத்தைப் பற்றி யோசிக்க மேலும் ஒன்றே முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. கடலூருக்கு முனிசிபாலிடி வந்தது 1866-ல், சிதம்பரத்துக்கு 1873-ல்.

வந்த முனிசிபாலிடி என்ன செய்தது? எடுப்புக் கக்கூஸையும் கொல்லைச் சந்தையும் ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. 1884-ஆம் வருஷத்து ஜில்லா முனிசிபாலிடிச் சட்டத்திலும், அதற்குப் பதிலாக வந்த 1920-ஆம் வருஷத்துச் சட்டத்திலும் கக்கூஸுக்கென்று ஷரத்துகள் இருந்தன. ஷரத்துகளை எழுதியவர்கள் வேறு; வாளியையும் தகரத்தையும் எடுத்துக்கொண்டு விடியற்காலையில் சந்துக்குள் நுழைந்தவர்கள் வேறு. அவர்களுக்கு அது சட்டம் அல்ல, சாதி.

சர்க்காரை உலுக்கி எழுப்பியது காலரா. சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் கூட்டம் கூடும். கூட்டம் கூடிய இடத்தில் குளமும் கிணறும் கெட்டன. 1939-ல் சென்னை மாகாணம் இயற்றிய பொது சுகாதாரச் சட்டத்தில் திருவிழாக்களுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டியிருந்தது. கையில் ஊசி குத்திக்கொண்டு சுவாமி தரிசனத்துக்குப் போன தலைமுறை அது.

இதற்கெல்லாம் மாற்றாக வந்து சேர்ந்ததுதான் செப்டிக் டாங்க். இதைக் கண்டவர் பிரெஞ்சு தேசத்தில் வெஸூல் என்ற சிற்றூரில் இருந்த மூரா. 1860 வாக்கில் தம் வீட்டுக் கழிவுக்கு ஒரு தொட்டி கட்டினார்; பல வருஷங்கள் கழித்துத் திறந்தபோது எதிர்பார்த்த அளவு கசடு இல்லை. 1881-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1895-ல் இங்கிலாந்தில் எக்ஸிடர் நகரத்து என்ஜினீயர் டொனால்ட் காமரான் அதைச் செப்பனிட்டு, இன்று வழங்கும் பெயரையும் சூட்டினார். அடுத்த இரண்டு மூன்று வருஷத்துக்குள் பம்பாய் மாதுங்காவில் தொழுநோயாளர் விடுதியின் தொட்டியிலிருந்து எழுந்த வாயுவைக் கொண்டு விளக்கு ஏற்றினார்கள்.

தொட்டிக்குள் மாயம் ஒன்றுமில்லை. கனமானது அடியில் படிகிறது. எண்ணெய்ப் பிசுக்கு மேலே ஆடை கட்டுகிறது. நடுவில் இருக்கும் நீர் வெளியேறுகிறது. காற்றில்லாத இடத்தில் வாழும் கிருமிகள் கசடைத் தின்று குறைக்கின்றன. குறைக்கின்றனவே தவிர இல்லாமல் செய்வதில்லை. வெளியேறும் நீரும் நோய்க் கிருமி நீங்கியதல்ல. அதை மண் வடிகட்ட வேண்டும்.

இங்கேதான் கடலூரும் சிதம்பரமும் பிரிகின்றன. தேவனாம்பட்டினத்துப் பக்கம் கடற்கரை மணல். ஊற்றியதையெல்லாம் குடித்துவிடும், குடித்ததை அடுத்த வீட்டுக் கிணற்றுக்குக் கொடுத்தும் விடும். சிதம்பரமோ காவிரிப் பாசனத்தின் கடைமடை. களிமண் பூமி, மழைக்காலத்தில் ஒரு குடம் நீரை வாங்கிக்கொள்ள ஒரு பொழுது யோசிக்கும். 1963-ல் இந்தியத் தர நிறுவனம் இந்தத் தொட்டிகளுக்கு ஒரு விதிநூலை வெளியிட்டது. பின்பு திருத்தப்பட்ட அந்த விதிப்படி, உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவே 18 மீட்டர் வேண்டும். தரையிலிருந்து 1.8 மீட்டருக்குள்ளேயே ஊற்று இருந்தால் குழியே தோண்டக்கூடாது. மேட்டில் வாய்க்கால் அமைத்து வடிக்க வேண்டும். 18 மீட்டர் என்றால் ஏறக்குறைய அறுபது அடி. அறுபதடி நீளமே இல்லாத மனையில் வீடு, கிணறு, தொட்டி மூன்றையும் வரைந்து அனுமதி வாங்கிவிடும் திறமை நம்மவர்களுக்கு உண்டு.

சிதம்பரத்துக் கொத்தனார் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "அடியிலே சிமிட்டி பூசினா ரெண்டு வருஷத்திலே ரொம்பிப்புடும்யா. பூசாம வுட்டா பூமியே குடிச்சிக்கும். ஜனங்க எதைக் கேப்பாங்க, நீங்களே சொல்லுங்க" என்றார். அவர் சொன்னது போல் அடியைப் பூசாமல் விட்ட தொட்டி செப்டிக் டாங்க் அல்ல. மூடி போட்ட குழி.

பருவத்தைக் கவனிக்காதவர்களுக்கு ஐப்பசி பாடம் சொல்லிக்கொடுக்கிறது. கடலூர் ஜில்லாவுக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில். ஊற்று ஏறினால் குழி நீரை வாங்காது. கழிவு பீங்கானுக்கே திரும்பி வரும். அப்போதுதான் எல்லோரும் லாரியைத் தேடுகிறார்கள். அது செய்யக்கூடாத காலம். சுற்றிலும் நீர் நிற்கும்போது தொட்டியை வற்ற இறைத்தால் வெளி அழுத்தத்தில் சுவர் வெடிக்கும். இலேசான தொட்டியானால் தெப்பம்போலக் கிளம்பிவிடும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை, சித்திரைக்கும் ஆடிக்கும் நடுவில் எடுத்துவிடுவதே முறை. 2015 நவம்பர் வெள்ளத்திலும், சாத்தனூர் அணை நீர் வந்து தென்பெண்ணை கரைமீறிய 2024 டிசம்பரிலும், தெருவில் நின்ற நீரில் என்னவெல்லாம் கலந்திருந்தது என்பதை விவரிக்க வேண்டாம்.

எடுப்பவர் யார் என்பதற்கு வருகிறேன். 1993-ல் ஒரு சட்டம் எடுப்புக் கக்கூஸைத் தடுத்தது. 2013-ல் வந்த சட்டம், பாதுகாப்பின்றி எவரையும் தொட்டிக்குள் இறக்குவது குற்றம் என்றது. 2014 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் 1993 முதல் இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலைக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் ஸல்பைட் அதிகமானால் மூக்கு அந்த நாற்றத்தையே உணராது. நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவன் மேலே வருவதில்லை. அவனைத் தூக்க இறங்குகிறவனும் வருவதில்லை. தொகையை உயர்த்த வேண்டியிருந்தது என்றால், இறக்குவது நிற்கவில்லை என்று பொருள்.

2014-ல் தமிழக அரசு கசடு அகற்றுவதற்கு வழிகாட்டு நெறிகள் வகுத்தது. லாரிக்கு உரிமம் வேண்டும். ஏரியிலும் ஓடையிலும் கொட்டக்கூடாது. சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்க்க வேண்டும். 14420 என்று ஓர் எண்ணும் ஏற்பட்டது. 1920-ஆம் வருஷத்துச் சட்டம் 2023-ல் ஓய்வு பெற்றது; அதற்கு முன்பே, 2021-ல், கடலூர் மாநகராட்சி ஆகிவிட்டது. 2024 ஜூலையிலோ, 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு உரிமையாளரே சான்றளித்து உடனே அனுமதி பெறலாம் என்று ஏற்பாடாயிற்று. அலைச்சல் மிச்சம்தான். ஆனால் பழைய ஸானிடரி இன்ஸ்பெக்டர், மூடியைத் திறந்து பார்க்காவிட்டாலும், மூடி இருக்கும் இடத்தையாவது தெரிந்து வைத்திருந்தார்.

திருப்பாதிரிப்புலியூரில் நண்பர் ஒருவர் வீட்டில் போன வைகாசியில் லாரியை வரவழைத்தார்கள். அனுமதி வரைபடத்தில் தொட்டி தோட்டத்தில் இருந்தது. தோட்டம் இப்போது கார் நிறுத்தும் இடம். கொத்தனார் கம்பியால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். மூன்றாவது இடத்தில் டைல்ஸை உடைத்தபோது மூடி கிடைத்தது.