நெடுவில்லும் அதை வளைத்த தோளும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் வில். இராமன் ஒடித்த வில்லும் அர்ச்சுனன் ஏந்திய வில்லும் நம் வீடுகளில் குழந்தைகளுக்கும் தெரிந்தவை. அவற்றைக் கதை சொல்வோரிடமே விட்டுவிடுவோம். நாம் காணப்போவது, ஐந்நூறு அறுநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து நாட்டில் உழவர் வீட்டுப் பிள்ளைகள் வளைத்த நெடுவில்லை.

இந்தப் பேச்சுக்குத் தூண்டுகோலாய் இருந்தது ஒரு விளையாட்டு. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டை வெளியிட்டனர். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் வாள்வீரராகவும் ஒருவர் மந்திரவாதியாகவும் ஒருவர் வில்லாளியாகவும் தம்மைப் பாவித்துக்கொண்டு, கதையை வாய்ப்பேச்சாலேயே நடத்திச் செல்வர். எய்த அம்பு தைத்ததா, தவறியதா என்பதை இருபது முகமுள்ள பகடை தீர்மானிக்கும். அச்சிட்ட விதிகள் இருந்தாலும், ஆடுகிறவர்கள் தங்களுக்கென்று சில விதிகளைச் சேர்த்துக்கொள்வதுண்டு. தாயம் ஆடும்போது இந்த லயத்தில் ஒரு விதி, அடுத்த லயத்தில் வேறு விதி என்று இருக்கிறதல்லவா? அதுபோலத்தான்.

அவர்களுள் வரலாற்றில் நாட்டமுள்ளவர்கள், ‘நம் ஆட்டத்தில் வில் உண்மையான வில்லைப் போல இருக்க வேண்டும்’ என்று எண்ணுவர். உடனே கேள்விகள் பிறக்கும். ஒரு நிமிடத்தில் எத்தனை அம்பு எய்யலாம்? எவ்வளவு தூரம் போகும்? இரும்புக் கவசத்தைத் துளைக்குமா? எவர் கையில் கொடுத்தாலும் வில் ஒரே வேலையைச் செய்யுமா? விளையாட்டுக்காகக் கேட்ட கேள்விகளே ஆயினும், கடைசிக் கேள்வி நம்மை வெகுதூரம் அழைத்துச் செல்கிறது.

விடை கடலுக்கடியில் கிடந்தது. எட்டாம் ஹென்றி மன்னரின் போர்க்கப்பல்களுள் ஒன்று ‘மேரி ரோஸ்’. 1545ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், பிரெஞ்சுக் கடற்படையோடு பொருதிக்கொண்டிருந்த வேளையில், போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்கு அருகே அது மூழ்கியது. பகைவர் ஏறி வந்துவிடாதபடி மேல்தளத்தின் மீது வலை கட்டியிருந்தார்கள். அந்த வலையே உள்ளிருந்தவர்களுக்கு எமனாயிற்று. ஏறத்தாழ ஐந்நூறு பேருள் பிழைத்தவர்கள் மிகச் சிலரே. 1971இல் கப்பல் கிடந்த இடம் உறுதியாயிற்று. 1982 அக்டோபர் 11ஆம் நாள் அதன் எஞ்சிய பாதி உடல் கடலிலிருந்து தூக்கி எடுக்கப்பட்டது. சேறு மூடிக் காற்றுப்படாமல் கிடந்ததால், மரமும் தோலும் உள்ளே கெடாமல் இருந்தன.

அதுவரை நெடுவில்லைப் பற்றி ஏட்டில் எழுதியிருந்ததைத்தான் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தனர். அந்தப் போர்க்காலத்து வில்லை நேரில் கண்டவர் அநேகமாக இல்லை. மேரி ரோஸ் கப்பலில் முழுசாகவே 137 வில்கள் கிடைத்தன. அம்புகள் 3,500க்கு மேல். ஒவ்வொரு வில்லும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம். ஓர் ஆளைவிட உயரம். யூ என்னும் மரத்தால் ஆனவை. அந்த மரத்தில் ஒரு விந்தை உண்டு. வெளிப்புறத்து வெள்ளை மரம் இழுபட்டால் நீளும், அறாது. உட்புறத்துச் சிவந்த வைரம் நசுக்கினால் தாங்கும், பின் பழைய நிலைக்குத் திரும்பும். வில் செய்பவன் வெள்ளை முன்பக்கமும் சிவப்பு தன் பக்கமும் வருமாறு ஒரே கட்டையிலிருந்து செதுக்கி எடுத்தான். இரண்டு மரத்தை ஒட்டிச் செய்ய வேண்டியதை இயற்கையே ஒட்டி வைத்திருந்தது. நல்ல யூ மரம் இங்கிலாந்தில் போதவில்லை. ஆகவே 1472ஆம் ஆண்டுச் சட்டம், சரக்கு ஏற்றிவரும் கப்பல்கள் சரக்கின் அளவுக்கேற்ப, டன்னுக்கு நான்கு வில்கட்டைகள் கொண்டுவர வேண்டும் என்று விதித்தது.

இனி வில்லின் பாரத்துக்கு வருவோம். ஒரு வில்லைப் படுக்கவைத்துச் சுவரில் பொருத்தி, நாணில் ஒரு சுமையைத் தொங்கவிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நாண் அம்பின் முழு நீளத்துக்கு, அதாவது சுமார் முப்பது அங்குலம் இறங்குவதற்கு எவ்வளவு சுமை வேண்டுமோ அதுவே அவ்வில்லின் பாரம். இன்றைய ஒலிம்பிக் பந்தய வில் சுமார் 50 ராத்தல். மேரி ரோஸ் வில்களோ, பெரும்பாலும் 100 முதல் 185 ராத்தல் வரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நூற்றாண்டுகள் நீரில் ஊறிய மரம் அந்த இழுப்பைத் தாங்காது என்பதால், அதே அளவில் புதிய வில்கள் செய்து சோதித்தனர். 185 ராத்தல் என்றால் ஏறத்தாழ 84 கிலோ. நன்கு வளர்ந்த ஓர் ஆளின் எடை. அதை மூன்று விரலால் காதுவரை இழுத்து, குறி பார்த்து, விட வேண்டும். பிறகு அடுத்த அம்பு. பிறகு அடுத்தது. திரைப்படத்தில் நாயகன் ஒரு கையால் பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல் நாணை இழுப்பதைக் கண்டு நாம் ஏமாந்திருக்கிறோம்.

அத்தகைய வலிமை எங்கிருந்து வந்தது? அதற்கும் அக்கப்பலே சான்று தந்தது. குறைந்தது 179 பேருடைய எலும்புகள் அதில் கிடைத்தன. தோள்பட்டை எலும்பின் மேல்நுனி பிறவியில் தனித்துண்டாக இருந்து, வாலிபம் முற்றுவதற்குள் மற்ற எலும்போடு கூடிவிடுவது இயல்பு. இவர்களுள் சிலருக்கு அது கூடவே இல்லை. சாதாரண மக்களிடையே காண்பதைவிட இந்த எண்ணிக்கை அதிகம். எலும்பு கூடவேண்டிய வயதில் ஓயாமல் கனமான வில்லை இழுத்துக்கொண்டிருந்ததே காரணமாகலாம் என்று ஆய்ந்தவர்கள் கருதினர். பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்த நம் முன்னோரின் தோள் காய்த்துப்போயிருந்ததை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. செய்த வேலை உடம்பில் எழுதிவைத்துவிட்டுத்தான் போகிறது.

பயிற்சி எப்படி நடந்தது என்பதை ஹியூ லாட்டிமர் என்ற பாதிரியார் 1549இல் மன்னர் முன்னிலையில் செய்த ஒரு பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். அவர் உழவரின் மகன். கைப்பலத்தால் மட்டும் இழுக்காமல் உடம்பு முழுவதையும் வில்லுக்குள் சாய்த்து இழுக்கத் தந்தை கற்றுக்கொடுத்தாராம். வயதும் பலமும் கூடக்கூட, முன்னதைவிடக் கனமான வில்லை வாங்கித் தந்தாராம். அப்படி வளர்க்காவிட்டால் யாரும் நன்றாக எய்ய முடியாது என்பது அவர் தீர்ப்பு. இதை நாம் முக்கியமான சாட்சியமாகக் கொள்கிறோம். போர்க்களத்தில் நின்றவர்களின் வீட்டு முற்றத்தை இது நமக்குக் காட்டுகிறது.

ஆனால் எல்லாத் தந்தையரும் விரும்பியே செய்தார்கள் என்று எண்ண வேண்டா. 1363ஆம் ஆண்டிலேயே மூன்றாம் எட்வர்ட் மன்னர், பண்டிகை நாள்களில் உடல்வலியுள்ள ஆண்கள் வில்வித்தை பழக வேண்டும். கால்பந்து, கைப்பந்து, சேவற்சண்டை போன்றவை கூடாது என்று ஆணையிட்டார். வாரம் முழுதும் வயலில் உழைத்தவனுக்குக் கிடைத்த ஓய்வு நாளும் அரசருடையதாயிற்று. எட்டாம் ஹென்றியின் 1541ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் இறுக்கமானது. ஏழு வயது முதல் பதினேழு வயது வரையுள்ள பையன் இருக்கும் வீட்டில் அவனுக்கு ஒரு வில்லும் இரண்டு அம்பும் இருக்க வேண்டும். அவன் வேலைக்காரப் பையனாக இருந்தால் முதலாளியே வாங்கிக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை அவன் கூலியில் பிடித்துக்கொள்ளலாம்! கூலியில் பிடித்தம் என்பது எந்தக் காலத்துக்கும் எந்தத் தேசத்துக்கும் பொதுவானது போலும்.

அதே சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது: 24 வயது கடந்தவன் 220 கஜத்துக்குக் குறைந்த தொலைவிலுள்ள குறியை நோக்கி எய்து பழகக் கூடாது. இரண்டு பந்துத் திடல்களை நீளவாட்டில் சேர்த்த தூரம் அது. தூரத்தைப் பற்றிய கேள்விக்கு இதுவே விடை. மேரி ரோஸ் வில்லைப் போலச் செய்த 150 ராத்தல் வில் ஒன்று, கனமான போர் அம்பைச் சுமார் 250 மீட்டர் எறிந்தது.

நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு அம்பு என்று பல நூல்களில் காணலாம். கனமான வில்லை இன்று உண்மையாகவே எய்து பழகுவோர், ஆறுக்கு மேல் தொடர்ந்து எய்தால் உடம்பு சோர்ந்துவிடும் என்கின்றனர். அம்புகள் 24 கொண்ட கட்டுகளாகக் கட்டப்பட்டன. கப்பலில் கிடைத்த வட்டத் தோல் தட்டுகளில் 24 துளைகளே உள்ளன. நிமிடத்துக்கு ஆறு என்றால் ஒரு கட்டு நான்கு நிமிடத்தில் தீரும். ஆட்டத்தில் அம்பு தீராத வில்லாளியை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

கவசத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 2019இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு சோதனையில், 160 ராத்தல் வில்லிலிருந்து 25 மீட்டர் தொலைவில் எய்த அம்புகள், பழைய முறையில் செய்த எஃகு மார்புக்கவசத்தைத் துளைக்கவில்லை. அப்படியானால் 1415 அக்டோபர் 25ஆம் நாள் அஜின்கோர்ட் போர்க்களத்தில் பிரெஞ்சுப் பிரபுக்கள் வீழ்ந்தது எப்படி? குதிரைகளுக்கு அவ்வளவு கவசம் இல்லை. மனிதருக்கும் முகம், அக்குள், மூட்டுகள் என்று மறைவு குறைந்த இடங்கள் இருந்தன. உழுத நிலத்தில் மழை பெய்து சேறாகியிருந்தது. குனிந்த தலையோடு நெருக்கியடித்து நடந்து களைத்துப்போனவர்கள் மீது, அம்பு தீர்ந்த வில்லாளிகள் கையில் கிடைத்த ஆயுதத்தோடு பாய்ந்தனர். அன்று ஆங்கிலேயப் படையின் பெரும்பகுதி இவர்கள்தாம். கவசம் பூண்ட வீரனுக்கு நாளொன்றுக்கு 12 பென்ஸ், வில்லாளிக்கு 6 பென்ஸ். அக்காலத்து வில்லாளிகளுள் ஆயிரக்கணக்கானோரின் பெயர்கள், நம் தோட்டத்துச் செக்ரோல் போன்ற படைப் பட்டியல்களில் இன்றும் இருக்கின்றன.

இவ்வளவு வல்லமையுள்ள வில் ஏன் மறைந்தது? துப்பாக்கி வந்ததால் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அக்காலத்துத் துப்பாக்கியைக் குண்டும் மருந்தும் இட்டுச் சுடுவதற்குள் வில்லாளி பல அம்புகளை எய்துவிடுவான். நூறு கஜத்துக்கு அப்பால் அதன் குறியும் நம்பத்தக்கதன்று. இதனால் 1590இல் இங்கிலாந்தில் பெரிய வாதமே நடந்தது. சர் ஜான் ஸ்மித் வில்லுக்காக வாதாடினார். சர் ராஜர் வில்லியம்ஸ் என்னும் போர் அனுபவமுள்ள படைத்தலைவரோ, 1,500 வில்லாளிகளைவிட 500 துப்பாக்கி வீரர்கள் மேல் என்றார். குண்டின் வேகத்தோடு அவர் வாதம் நின்றுவிடவில்லை. சில மாதங்கள் பாசறையில் கிடந்து, நல்ல உணவும் உறக்கமும் இழந்தால், வில்லாளிகளுள் பலமாக எய்யக்கூடியவர் மிகச் சிலரே மிஞ்சுவர் என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். துப்பாக்கியின் பலம் மருந்தில் இருந்தது. பசித்தவன் சுட்டாலும் குண்டு அதே வேகத்தில் போகும். வில்லின் பலமோ அதைப் பிடித்தவன் உண்ட சோற்றில் இருந்தது.

ஆகவே ஆட்டத்துக்கு விதி எழுதும் இளைஞர்கள் வில்லுக்கு மட்டும் ஓர் எண் கொடுத்தால் போதாது. அவன் எந்த வயதில் பழகத் தொடங்கினான், நேற்று சாப்பிட்டானா, இது எத்தனையாவது அம்பு என்பவற்றையும் பகடையோடு சேர்க்க வேண்டும்.

துப்பாக்கி பிடிக்கச் சில வாரங்களில் யாருக்கும் கற்பித்துவிடலாம். வில்லாளியை உருவாக்கவோ பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டும் பையன்கள் திடலுக்கு வருவது குறைந்துகொண்டே போனது. 1595ஆம் ஆண்டில், பயிற்சிப் படைகளிலிருந்த வில்களை நீக்கித் துப்பாக்கி கொடுக்குமாறு அரசியின் ஆலோசனைச் சபை ஆணையிட்டது. இன்று 150 ராத்தலுக்கு மேற்பட்ட வில்லை வளைப்போர் உலகில் மிகச் சிலரே உள்ளனர். லாட்டிமரின் தந்தை செய்ததுபோலவே, சிறிய வில்லில் தொடங்கி, பல ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தைக் கூட்டித்தான் அவர்கள் அந்த அளவை எட்டியிருக்கிறார்கள்.