சிடி4, வைரல் லோடு: எச்.ஐ.வி ரத்தப் பரிசோதனையின் இரண்டு எண்கள் என்ன சொல்கின்றன?

எச்.ஐ.வி தொற்று உறுதியானதும் பலர் மனதில் எழும் முதல் கேள்வி, "எனக்கு இன்னும் எத்தனை வருஷம்?" அடுத்தது, "உடம்பு நல்லாத்தானே இருக்கு, மாத்திரையை அப்புறம் ஆரம்பிச்சா போதாதா?"

மருந்தே எடுக்காவிட்டால் எய்ட்ஸ் நிலையை அடைய சராசரியாக 10 ஆண்டுகள் ஆகும். ஆனால் இந்தச் சராசரியை வைத்து யாரும் தன் கணக்கைப் போட முடியாது. சிலருக்கு 2, 3 ஆண்டுகளிலேயே உடல் தளர்ந்துவிடும். சிலர் 15 ஆண்டுகள் கடந்தும் அறிகுறியே இல்லாமல் இருப்பார்கள். யார் எந்த வகை என்பது முகத்தைப் பார்த்தால் தெரியாது. ரத்தத்தில்தான் தெரியும்.

சிடி4 எண்ணிக்கை

நோய் எதிர்ப்பு மண்டலத்தை வழிநடத்தும் வெள்ளை அணுக்கள் இவை. எச்.ஐ.வி குறிவைத்து அழிப்பதும் இவற்றைத்தான். ஆரோக்கியமானவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் 500 முதல் 1,500 வரை இருக்கும். 200க்குக் கீழே போனால் காசநோய், ஒருவகை நிமோனியா, பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சல் போன்றவை எளிதில் தாக்கும்.

ஒரே ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து பதறவோ, நிம்மதி அடையவோ வேண்டாம். காலையில் எடுத்தால் ஒரு எண், மாலையில் வேறு எண் வரும். காய்ச்சல் இருந்தாலும் குறையும்.

வைரல் லோடு

ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் எத்தனை வைரஸ் நகல்கள் உள்ளன என்பதே இது. 1980களில் இந்தப் பரிசோதனை இல்லை. நியோப்டெரின், பீட்டா-2 மைக்ரோகுளோபுலின், பி24 ஆன்டிஜென் போன்ற மறைமுக அடையாளங்களை வைத்தே மருத்துவர்கள் கணித்தார்கள்.

நிலைமையை மாற்றியது, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மெல்லர்ஸ் குழு 1996-ல் வெளியிட்ட ஆய்வு. தொற்றுள்ள 180 ஆண்களிடம் இருந்து முன்பே எடுத்துச் சேமித்திருந்த ரத்தத்தில் வைரஸை அளந்தார்கள். அளவு மிகக் குறைவாக இருந்த பிரிவில் 8 சதவீதம் பேர்தான் 5 ஆண்டுகளுக்குள் எய்ட்ஸ் நிலைக்குச் சென்றிருந்தார்கள். மிக அதிகமாக இருந்த பிரிவில் அது 62 சதவீதம்!

அப்படியானால் எந்த எண் முக்கியம்? வைராலஜி நிபுணர் ஜான் காஃபின் இதற்கு ரயிலை உதாரணம் காட்டினார். விபத்தை நோக்கி ஓடும் ரயிலின் வேகம்தான் வைரல் லோடு. விபத்து நடக்கப்போகும் இடத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்பது சிடி4. இரண்டும் தெரிந்தால்தான் நேரத்தைக் கணக்கிட முடியும்.

அப்போ காத்திருக்கலாமா?

கூடாது. ஒருகாலத்தில் காத்திருக்கத்தான் சொன்னார்கள். இந்தியாவில் 2004 ஏப்ரல் 1-ல் இலவச கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கியபோது, அறிகுறி இல்லாதவர்களுக்கு சிடி4 200க்குக் கீழ் இறங்க வேண்டியிருந்தது. நல்ல எண் வந்தவர்கள் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வரம்பு பிறகு 350, 500 என உயர்ந்தது.

2015-ல் வெளியான 'ஸ்டார்ட்' ஆய்வு இந்தக் காத்திருப்பையே கேள்விக்குள்ளாக்கியது. சிடி4 500க்கு மேல் இருக்கும்போதே மருந்தைத் தொடங்கியவர்களுக்கு, 350 ஆகும்வரை காத்திருந்தவர்களைவிட கடும் நோயோ மரணமோ நேரும் ஆபத்து 57 சதவீதம் குறைந்தது. சிடி4 நன்றாக இருக்கும்போதும் உள்ளுக்குள் அழற்சி நடந்துகொண்டேதான் இருக்கும். 2017 முதல் இந்தியாவிலும் எந்த எண்ணாக இருந்தாலும், தொற்று உறுதியானால் சிகிச்சை உண்டு.

பிறகு எதற்கு இந்தப் பரிசோதனைகள்? சந்தர்ப்பவாதத் தொற்றுகளைத் தடுக்கும் மருந்து தேவையா என்பதை முடிவுசெய்ய சிடி4 உதவும். மாத்திரை வேலை செய்கிறதா என்பதை வைரல் லோடு சொல்லும். மருந்து எடுத்தும் 1,000 நகல்களுக்கு மேல் தொடர்ந்தால், மாத்திரை தவறுகிறதா, வைரஸுக்கு எதிர்ப்புத்தன்மை வந்துவிட்டதா என்று மருத்துவர் ஆராய்வார்.

அரசு ஏ.ஆர்.டி மையங்களில் சிகிச்சையும் இந்த இரண்டு பரிசோதனைகளும் இலவசம். உங்கள் அருகில் எந்த மையம் இருக்கிறது என்பதை 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.