நூறாண்டுகளுக்கும் மேலாக வேறு பெயரில் விளைந்த திராட்சை: சிலியின் ‘கார்மெனேர்’ ஒயின்

பிரான்ஸில் ஏறக்குறைய மறைந்துபோன ஒரு திராட்சை ரகம், தென் அமெரிக்க நாடான சிலியில் நூறாண்டுகளுக்கும் மேலாக வேறொரு ரகத்தின் பெயரில் பயிரிடப்பட்டு வந்தது. 1994-ஆம் ஆண்டு அடையாளம் காணப்பட்ட அந்த ‘கார்மெனேர்’ ரகம், இன்று சிலியின் சிவப்பு ஒயினுக்குத் தனி அடையாளமாக விளங்குகிறது.

பிறந்த மண்ணில் மறைந்த கொடி

கார்மெனேரின் தாயகம் பிரான்ஸின் போர்டோ பிராந்தியம். இலையுதிர் காலத்தில் இதன் இலைகள் அடர் சிவப்பாக மாறுவதால், அந்நிறத்தைக் குறிக்கும் ‘கார்மின்’ என்ற பிரெஞ்சுச் சொல்லில் இருந்து இப்பெயர் வந்ததாகக் கூறப்படுகிறது. கேபர்நே ஃபிராங்க் ரகம் இதன் பெற்றோரில் ஒன்று என்பது மரபணு ஆய்வில் தெரியவந்துள்ளது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வேர்களைத் தாக்கும் ஃபிலாக்செரா என்ற நுண்ணிய பூச்சி பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. பின்னர் அமெரிக்க வேர்ச்செடிகளில் ஒட்டுக்கட்டித் தோட்டங்கள் மீட்கப்பட்டபோது, போர்டோ விவசாயிகள் கார்மெனேரைக் கைவிட்டனர். குளிர்ந்த, ஈரமான வசந்த காலத்தில் பூக்கள் உதிர்ந்து காய் பிடிக்காததும், பழம் தாமதமாகப் பழுப்பதும் அதற்குக் காரணங்கள்.

மெர்லோ என்ற பெயரில்

இந்தப் பேரழிவுக்கு முன்பே, 1850-களில் போர்டோவின் திராட்சைக் கொடிகள் சிலிக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்தன. அவற்றில் கார்மெனேரும் கலந்திருந்தது. ஆண்டிஸ் மலைத்தொடர், பசிபிக் பெருங்கடல், அடகாமா பாலைவனம் ஆகியவை அரணாக அமைந்த சிலியில் ஃபிலாக்செரா பரவவில்லை. ஆனால், தோற்றத்தில் ஒத்திருந்ததால், காலப்போக்கில் கார்மெனேர் கொடிகளும் மெர்லோ ரகமாகவே கருதப்பட்டன.

1994 நவம்பரில் சிலி வந்த பிரெஞ்சு திராட்சை வகைப்பாட்டு நிபுணர் ஜான்-மிஷெல் பூர்சிகோ, மைப்போ பள்ளத்தாக்கில் உள்ள ‘வினா கார்மென்’ நிறுவனத்தின் தோட்டத்தைப் பார்வையிட்டார். அங்கு மெர்லோ எனக் கருதப்பட்ட கொடிகளின் பூக்களில் மகரந்தத் தாள்கள் முறுக்கியிருப்பதைக் கண்ட அவர், அவை கார்மெனேர் என்று அறிவித்தார். 1998-இல் சிலி அரசு அதனைத் தனி ரகமாக அங்கீகரித்தது.

தவறான பெயரால் நேர்ந்த இழப்பு

இந்தக் குழப்பம் பெயரோடு முடிந்துவிடவில்லை. மெர்லோவை விட கார்மெனேர் பல வாரங்கள் தாமதமாகப் பழுக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் பறிக்கப்பட்டதால், முழுமையாகப் பழுக்காத கார்மெனேர் ஒயினில் கலந்தது. குடைமிளகாயின் வாசனைக்குக் காரணமான பைரசின் வகைச் சேர்மங்கள் அத்தகைய காய்களில் மிகுந்திருக்கும். இதனால் சிலியின் ‘மெர்லோ’ ஒயினில் பச்சை வாடை தூக்கலாக இருந்தது. ரகம் தெரிந்த பின்னர், கொடிகள் தனித்தனியே பிரிக்கப்பட்டு, கார்மெனேர் அறுவடை ஏப்ரல், மே மாதங்களுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

அதேவேளையில், ‘மெர்லோ’ என்ற அறிமுகமான பெயரில் விற்றுவந்த உற்பத்தியாளர்களுக்கு, உலகம் மறந்துபோன ஒரு பெயரில் சந்தையைப் புதிதாக உருவாக்க வேண்டிய நெருக்கடியும் ஏற்பட்டது.

எங்கு விளைகிறது?

மத்திய சிலியின் கோல்சாகுவா, கச்சபோவால், மைப்போ பள்ளத்தாக்குகளில் இது அதிகம் பயிராகிறது. கச்சபோவாலில் உள்ள பெவுமோ பகுதி, இந்த ரகத்துக்குப் பெயர் பெற்றது. நீண்ட, வறண்ட இலையுதிர் காலமும், ஈரத்தைத் தக்கவைக்கும் களிமண்ணும் பழம் மெதுவாக முதிர உதவுகின்றன.

சுவையும் உணவும்

நன்கு பழுத்த கார்மெனேர் ஒயின், அடர்ந்த நிறமும் கரும்பழச் சுவையும் மெல்லிய மிளகு மணமும் கொண்டது. துவர்ப்பு கேபர்நே சாவிஞோனை விடக் குறைவு. 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் பரிமாறுவது பொருத்தமாகக் கருதப்படுகிறது.

சிலியில், தணலில் சுட்ட ஆட்டிறைச்சி, கொத்திறைச்சியும் வெங்காயமும் சீரகமும் அடைத்த ‘எம்பனாடா’, மக்காச்சோள விழுது மூடிய ‘பாஸ்டல் தே சோக்லோ’ ஆகியவற்றுடன் இது பரிமாறப்படுகிறது. சைவ உணவுகளில் சுட்ட கத்தரிக்காய், குடைமிளகாய், காளான் ஆகியவை பொருந்தும். இந்திய உணவுகளில் மிளகும் சீரகமும் சேர்ந்த இறைச்சி வறுவல் ஏற்றது. மிளகாய்க் காரம் மிகுந்தால், மதுவின் தாக்கத்தால் எரிச்சல் கூடுதலாகத் தோன்றும். மென்சுவை மீன் உணவுகளின் சுவையை இந்த ஒயின் அமுக்கிவிடும்.

சீனாவில் ‘கேபர்நே கெர்னிஷ்ட்’ என்ற பெயரில் நெடுங்காலமாகப் பயிரிடப்பட்டு வந்த ரகமும் கார்மெனேர்தான் என்பது பின்னர் மரபணுச் சோதனையில் தெரியவந்தது. பூர்சிகோ அதனை அடையாளம் கண்ட நவம்பர் 24-ஆம் தேதி, ஆண்டுதோறும் கார்மெனேர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

(மது அருந்துவது உடல்நலத்துக்குத் தீங்கு விளைவிக்கும்.)